எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வெளியுறவுத் துறைக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எக்ஸான்மொபில் நிறுவனத்தின் தலைவராக இருந்து, நேராக அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சரான ரெக்ஸ் டில்லர்சனைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம்.

தேர்தலில் நிற்கவில்லை, கட்சிப் பொறுப்பும் இல்லை. ஒரு கம்பெனி அதிகாரியை எப்படி அமைச்சராக்க முடிகிறது? நம் ஊரில் ஆறு மாதத்துக்குள் எம்.பி. ஆக வேண்டுமே? (நாமக்கல் வாசகர்)

அங்கே விதி தலைகீழ். நம் அரசியல் சட்டத்தின் 75(5) பிரிவுப்படி அமைச்சர் ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினராக வேண்டும். அமெரிக்க அரசியல் சட்டமோ, நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பவர் அந்தப் பதவியை விடாமல் நிர்வாகப் பதவி எதையும் வகிக்கக் கூடாது என்கிறது. அதனால் அமைச்சரவைக்கு ஆள் தேடும்போது ஜனாதிபதி எங்கே வேண்டுமானாலும் தேடலாம்: பல்கலைக்கழகம், ராணுவம், வங்கி, எண்ணெய்க் கம்பெனி.

தேடிப் பிடிப்பது சுலபம், உட்கார வைப்பதுதான் வேலை. 2016 டிசம்பர் 13 அன்று டிரம்ப் இவர் பெயரை அறிவித்தார். முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸும் சிபாரிசு செய்தவர்கள். அந்த இருவரும் நடத்திய ஆலோசனை நிறுவனத்துக்கு எக்ஸான்மொபில் ஒரு வாடிக்கையாளர் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது. பிறகு எஃப்.பி.ஐ. பின்னணி விசாரணை, சொத்து விவரப் படிவம், நெறிமுறை ஒப்பந்தக் கடிதம், செனட் வெளியுறவுக் குழுவின் கேள்விப் பட்டியல் எல்லாம் முடிந்து, 2017 ஜனவரி 11 அன்று நாள் முழுக்கப் பொது விசாரணை. குழுவில் ஜனவரி 23 அன்று 11-க்கு 10. முழு செனட்டில் பிப்ரவரி 1 அன்று 56-க்கு 43. அன்றே பதவியேற்பு, 69-ஆவது வெளியுறவு அமைச்சராக.

இந்த 56–43 எவ்வளவு குறைவு என்பது முன்னவர்களோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஹிலாரி கிளிண்டனுக்கு 94–2, ஜான் கெர்ரிக்கு 94–3. 2013-இல் செனட் தன் விதியை மாற்றி, நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று வைத்திராவிட்டால் இவர் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

நான் சிவில் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். டில்லர்சனும் சிவில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். எண்ணெய்க் கம்பெனியில் சிவில்காரருக்கு என்ன வேலை? எப்படி உச்சிக்குப் போனார்? (கோயம்புத்தூர் வாசகர்)

டெக்சாஸ் மாநிலம் விச்சிட்டா ஃபால்ஸில் 1952-இல் பிறந்தவர். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1975-இல் பட்டம் வாங்கிய கையோடு எக்ஸானில் உற்பத்திப் பிரிவுப் பொறியாளராகச் சேர்ந்தார். 2016 கடைசி வரை, 41 ஆண்டுகள், வேறு எங்கும் சம்பளம் வாங்கியதில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு இதுதான் வேர்.

அந்தக் கம்பெனியின் பழக்கம், ஆளை வெளியிலிருந்து எடுக்காமல் உள்ளேயே வளர்ப்பது. முதல் பதினான்கு ஆண்டுகள் உள்நாட்டு வயல்களைச் சுற்றித்தான் வேலை. 1989-இல் அமெரிக்க மத்திய உற்பத்திப் பிரிவின் பொது மேலாளர். 1995-இல் ஏமன், தாய்லாந்து நிறுவனங்களின் தலைவர். 1998-இல் ரஷ்யாவின் சகலின் தீவுத் திட்டத்தை நடத்தும் எக்ஸான் நெஃப்டெகாஸின் தலைவர். 1999-இல் எக்ஸானும் மொபிலும் இணைந்தன. 2004-இல் கம்பெனித் தலைவர் பதவி, 2006 ஜனவரி 1 முதல் லீ ரேமண்டுக்குப் பிறகு தலைமைச் செயல் அதிகாரி.

உங்கள் படிப்புக்கு நெருக்கமாக ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் சகலின்-1தான். கடலில் பனிக்கட்டி, போதாக்குறைக்கு நிலநடுக்கப் பகுதி. எண்ணெய் இருப்பதோ கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளிக் கடலடியில். ஒவ்வொரு இடத்திலும் கடலுக்குள் மேடை கட்டினால் பணமும் போகும், பனியும் சும்மா விடாது. அதனால் கரையிலேயே துளைக் கோபுரத்தை நிறுத்தி, கொஞ்ச தூரம் கீழே போய், பிறகு துளையைக் கிடையாகத் திருப்பிக் கடலடிக்கு ஓட்டினார்கள். 2005-இல் எண்ணெய் வந்தது. 2012-இல் முடித்த இசட்-44 என்ற கிணற்றின் மொத்த நீளம் 12,376 மீட்டர். அதில் கிடையாகப் போனது மட்டும் 11,475 மீட்டர். இவ்வளவு நீளத்தில் துளையிடும்போது குழாய் தன் எடையாலேயே கிணற்றின் அடிச்சுவரில் படுத்து உராயும். முறுக்கு விசை மறுமுனைக்குப் போய்ச் சேராது. குழாயின் எடை, துளையில் பாய்ச்சும் சேற்றுக் கலவையின் வழுக்கல், கோபுரத்தின் முறுக்குத் திறன் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தி எடுத்ததுதான் அங்கே சாதனை.

இந்தத் திட்டத்தில் நம் பங்கும் உண்டு. 2022-இல் எக்ஸான் விலகும்வரை பங்கு இப்படி இருந்தது: எக்ஸானுக்கு 30, ஜப்பானியக் கூட்டமைப்புக்கு 30, ரஷ்ய அரசு எண்ணெய்க் கம்பெனியான ரோஸ்நெஃப்ட் தரப்புக்கு 20, ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 20 சதவீதம். 2001-இல் இந்தியா வாங்கிய அந்தப் பங்கு, நம் பொதுத்துறை வெளிநாட்டில் போட்ட பெரிய முதலீடுகளில் ஒன்று.

புடின் கையால் பதக்கம் வாங்கியவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானது எப்படி? ரஷ்யாவோடு அப்படி என்ன உறவு? (தூத்துக்குடி வாசகர்)

2013-இல் 'நட்புறவு விருது' வாங்கியது உண்மை. அதற்குக் காரணம் 2011 ஆகஸ்டில் சோச்சியில் புடின் முன்னிலையில் ரோஸ்நெஃப்ட்டோடு கையெழுத்தான ஆர்க்டிக் ஒப்பந்தம். காரா கடலில் சேர்ந்து தோண்டுவது என்று முடிவு. 2014 ஆகஸ்டில் முதல் கிணறு தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே உக்ரைனின் கிரைமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்டாயிற்று. செப்டம்பரில் அமெரிக்கத் தடை ஆழ்கடல், ஆர்க்டிக், ஷேல் எண்ணெய்ப் பணிகள் மீது பாய்ந்தது. கிணற்றைப் பாதியில் விட்டால் சுற்றுச்சூழல் ஆபத்து என்பதால் மூடிவிட்டு வர அக்டோபர் 10 வரை அவகாசம் கிடைத்தது. எண்ணெய் கண்டுபிடித்தார்கள், அதை எடுக்க முடியாமல் திரும்பினார்கள். கடைசியில் 2018-இல் அந்தக் கூட்டுத் திட்டங்களிலிருந்து எக்ஸான்மொபில் விலகிக்கொண்டது.

இங்கேதான் செனட் குழுவின் விசாரணையில் மாட்டினார். தடைகளுக்கு எதிராகத் தான் ஆதரவு திரட்டியதில்லை என்று டில்லர்சன் சொன்னார். அந்தக் காலத்தில் நீங்கள் எனக்கே போன் செய்தீர்களே என்று குழுத் தலைவர் பாப் கார்க்கர், அதுவும் குடியரசுக் கட்சிக்காரர், நினைவுபடுத்த வேண்டியதாயிற்று.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. ரோஸ்நெஃப்ட் தலைவர் இகோர் செச்சினை 2014 ஏப்ரலில் அமெரிக்கா தனிநபராகத் தடைப்பட்டியலில் சேர்த்தது. மே மாதம் எக்ஸான்மொபிலின் கிளை நிறுவனத் தலைவர்கள் அவரோடு எட்டு ஆவணங்களில் கையெழுத்திட்டார்கள். அவர் கையெழுத்திட்டது ரோஸ்நெஃப்ட்டுக்காக, தனக்காக அல்ல, ரோஸ்நெஃப்ட்டோடு வணிகம் செய்ய அப்போது தடை இல்லை என்பது கம்பெனியின் வாதம். நிதித்துறை அதை ஏற்காமல் 2017 ஜூலையில் 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதாவது, இவர் தலைமையில் நடந்த ஒப்பந்தத்துக்கு, இவர் அமைச்சராக இருக்கும்போதே, பக்கத்துத் துறை அபராதம் விதித்தது. கம்பெனி நீதிமன்றம் போனது. விதி இப்படித்தான் பொருள்படும் என்று அரசு முன்கூட்டித் தெளிவாகச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி 2019 டிசம்பர் 31 அன்று டெக்சாஸ் நீதிபதி அபராதத்தை ரத்து செய்தார்.

ரஷ்யாவை மட்டும் பார்த்தால் படம் முழுமையாகாது. 2011-இல் பாக்தாத் அரசு முறைத்துக்கொண்டிருக்க, வாஷிங்டனுக்கும் பிடிக்காதிருக்க, ஈராக்கின் குர்திஸ்தானில் ஆறு நிலப்பகுதிகளுக்கு எக்ஸான்மொபில் ஒப்பந்தம் போட்டது. 2007-இல் வெனிசுவேலாவில் ஜனாதிபதி சாவேஸ் சொன்ன நிபந்தனைக்குப் பணியாமல் வெளியேறிச் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. கம்பெனிக்கென்று தனியாகவே ஒரு வெளியுறவுக் கொள்கை இருந்தது.

நான் ஆடிட்டர். அவரிடம் இருந்த எக்ஸான் பங்குகளை என்ன செய்தார்? விற்றால் வரி எவ்வளவு? கைக்கு வராத பங்குகளை எப்படிக் கணக்கில் எடுத்தார்கள்? (மதுரை வாசகர்)

இந்த இதழின் நல்ல கேள்வி இது. பதில் கொஞ்சம் நீளும்.

சட்டத்தின் அடிப்படை முதலில். தனக்கோ மனைவிக்கோ பணநலன் உள்ள விவகாரத்தில் அரசு அதிகாரி கை வைத்தால் அமெரிக்கக் குற்றவியல் சட்டத்தின் 208-ஆவது பிரிவுப்படி குற்றம். தெரிந்தே செய்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. தப்பிக்க மூன்று வழி: சொத்தை விற்பது, அந்த விவகாரத்திலிருந்து ஒதுங்குவது, விலக்கு வாங்குவது. வெளியுறவு அமைச்சர் எண்ணெய் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கினால் சவூதி, ரஷ்யா, ஈராக், நைஜீரியா, வெனிசுவேலா எதையும் தொட முடியாது. ஆகவே விற்பது ஒன்றே வழி.

அவர் வைத்திருந்தது இரண்டு வகை. கையில் இருந்த 6 லட்சத்துக்கும் அதிகமான பங்குகள். அப்போதைய விலை பங்குக்கு ஏறத்தாழ 90 டாலர், ஆக 5.4 கோடி டாலர். இதை விற்பதில் குழப்பமில்லை. இரண்டாவது வகை, இன்னும் கைக்கு வராத 20 லட்சத்துக்கும் அதிகமான பங்குகள். மதிப்பு சுமார் 18 கோடி டாலர். உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் ஊக்கப் பங்குகளில் பாதி ஐந்து ஆண்டு கழித்தும் மீதி பத்து ஆண்டு கழித்தோ ஓய்வுக்குப் பிறகோ கைக்கு வரும் என்று எக்ஸான்மொபில் வைத்திருந்தது. எண்ணெய் வயலில் இன்று எடுத்த முடிவின் விளைவு பத்து ஆண்டு கழித்துத்தான் தெரியும், அதுவரை உன் பணமும் அதிலேயே கிடக்கட்டும் என்ற கணக்கு. கம்பெனிக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அமைச்சராகப் போகிறவருக்கு, பதவியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் எக்ஸான் பங்கு ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம்.

சரி, முன்கூட்டியே கொடுத்துத் தீர்த்துவிடலாமே என்றால் அதிலும் கண்ணி இருக்கிறது. அரசுப் பதவிக்குப் போகிறார் என்று தெரிந்த பிறகு, வழக்கமான திட்டத்தில் இல்லாத தொகையைப் பழைய முதலாளி தந்தால் அது 'அசாதாரணக் கொடுப்பனவு'. அரசுச் சம்பளத்துக்கு மேல் தனியார் கூட்டிக் கொடுப்பது 209-ஆவது பிரிவில் தனிக் குற்றம்.

2017 ஜனவரி 3 அன்று கம்பெனி அறிவித்த தீர்வு இது. வரவேண்டிய பங்கு உரிமைகள் முழுவதும் ரத்து. அவற்றின் மதிப்புக்கு ஈடான பணம் தனி நிர்வாகத்தில் உள்ள ஒரு டிரஸ்டுக்குப் போகும். அந்த டிரஸ்ட் எக்ஸான்மொபிலில் முதலீடு செய்யக் கூடாது. பழைய கால அட்டவணைப்படியே பத்து ஆண்டுகளில் அவருக்குப் பணம் வரும். அந்தப் பத்து ஆண்டுக்குள் எண்ணெய், எரிவாயுத் தொழிலில் வேலைக்குப் போனால் மீதித் தொகை வளரும் நாடுகளில் வறுமையையோ நோயையோ ஒழிக்கும் தொண்டு நிறுவனங்களுக்குப் போய்விடும். வரவிருந்த 41 லட்சம் டாலருக்கும் அதிகமான ரொக்க போனஸையும், ஓய்வுக்கால மருத்துவ, பல் சிகிச்சைச் சலுகைகளையும் விட்டுக்கொடுத்தார். எல்லாம் கூட்டிக் கழித்தால், மார்ச்சில் 65 வயதாகி வழக்கம்போல் ஓய்வு பெற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிடச் சுமார் 70 லட்சம் டாலர் குறைவு. இந்தக் குறைவு வேண்டுமென்றே வைத்தது. கம்பெனி தன் ஆளுக்குக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பியது என்று யாரும் வாய் திறக்க முடியாது.

வரி விஷயம். அரசுப் பதவிக்காகக் கட்டாயமாக விற்பவர்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 1043-ஆவது பிரிவு ஒரு சலுகை தருகிறது. அரசு நெறிமுறை அலுவலகத்திடம் 'விற்பனைச் சான்றிதழ்' வாங்கி, விற்ற 60 நாளுக்குள் அமெரிக்க அரசுக் கடன் பத்திரத்திலோ பரவலாக முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டிலோ பணத்தைப் போட்டால் மூலதன ஆதாய வரி தள்ளிப்போகும். தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு. பழைய வாங்கு விலையே புதிய முதலீட்டுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். பிற்பாடு அதை விற்கும்போது வரி கட்டியாக வேண்டும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழ் கைக்கு வரும் முன்பே, நல்ல பிள்ளையாக அவசரப்பட்டு விற்றுவிடுவார்கள். சலுகை போயிற்று, முழு வரி. இன்னொன்று, ரத்தான ஊக்கப் பங்குகளுக்கான தொகை மூலதன ஆதாயம் அல்ல, ஊதிய வருமானம். அதற்கு 1043 பொருந்தாது. ஆகவே 18 கோடிக்கும் வரிச்சலுகை கிடைத்தது என்று சில இடங்களில் எழுதியிருந்தது தவறு.

அப்போதைய நெறிமுறை அலுவலக இயக்குநர் வால்டர் ஷாப், டிரம்ப்பின் சொந்த ஏற்பாட்டைக் கடுமையாகக் கண்டித்த அதே உரையில், மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று டில்லர்சனின் ஏற்பாட்டைக் காட்டினார். எங்கள் மதிப்பீடும் அதுவே. இவருடைய அரசு வாழ்க்கையில் குறைசொல்ல முடியாதபடி முடிந்த காரியம் என்றால் இந்தக் கணக்குத் தீர்ப்புதான்.

பங்கை விற்றால் பாசம் போய்விடுமா? எக்ஸான் கோப்பு மேசைக்கு வந்தால் என்ன செய்வார்? (ஈரோடு வாசகர்)

எக்ஸான் ஒரு தரப்பாக உள்ள விவகாரங்களிலிருந்து ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கனடாவிலிருந்து வரும் கீஸ்டோன் எக்ஸ்.எல். எண்ணெய்க் குழாய் அனுமதியிலிருந்தும் ஒதுங்கினார். 2017 மார்ச்சில் அந்த அனுமதியில் கையெழுத்திட்டவர் துணைநிலை அதிகாரி டாம் ஷானன்.

ஓட்டை எங்கே என்றால், விதி 'தரப்பினர் உள்ள விவகாரம்' என்பதைத்தான் பிடிக்கும். ஒப்பந்தம், உரிமம், வழக்கு மாதிரி. பொதுக் கொள்கையைப் பிடிக்காது. 2017 ஜூனில் கத்தாரை அண்டை நாடுகள் முற்றுகையிட்டபோது சமரசத்துக்கு அலைந்தவர் இவர். கத்தாரின் திரவ எரிவாயுத் திட்டங்களில் எக்ஸான்மொபில் நெடுநாள் பங்காளி. அது சட்டமீறல் இல்லை. ஆனால் பேச்சுக்கு இடம் கொடுத்தது. எண்ணெய், சுரங்கக் கம்பெனிகள் வெளிநாட்டு அரசுகளுக்குக் கொடுக்கும் பணத்தை வெளியிட வேண்டும் என்ற விதியை நாடாளுமன்றம் ரத்து செய்து ஓட்டளித்தது இவர் பதவியேற்ற அதே வாரம். அவர் செய்ததல்ல. கம்பெனி வெகுநாளாக எதிர்த்துவந்த விதி அது, அவ்வளவுதான்.

கம்பெனிக்குச் சாதகமாகவே எல்லாம் நடந்தது என்றும் சொல்ல முடியாது. கருங்கடலில் தோண்டத் தடைவிலக்கு கேட்ட எக்ஸான்மொபிலுக்கு 2017 ஏப்ரலில் நிதித்துறை மறுத்துவிட்டது.

எழுபதாயிரம் பேர் வேலை செய்யும் கம்பெனியை ஓட்டியவருக்கு ஒரு துறையை ஓட்டத் தெரியவில்லையா? (சேலம், புதுச்சேரி, திருவள்ளூர் வாசகர்கள்)

இரண்டிலும் ஆள் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான், எழுபதாயிரத்துக்கு மேல். ஏமாற்றியதே அந்த ஒற்றுமைதான். கம்பெனியில் தலைவரிடம் இருந்த மூன்று அதிகாரங்கள் துறையில் அவரிடம் இல்லை.

முதலாவது, ஆள் எடுப்பது. துணை அமைச்சராக எலியட் ஆப்ரம்ஸ் வேண்டும் என்று 2017 பிப்ரவரியில் கேட்டார். ஆப்ரம்ஸ் தேர்தல் சமயத்தில் டிரம்பை விமர்சித்திருந்தார் என்று வெள்ளை மாளிகை மறுத்துவிட்டது. பதவியேற்ற பத்து நாளுக்குள் இது. ஜான் சல்லிவன் அந்த நாற்காலிக்கு வர மே மாதம் ஆயிற்று. அதற்குக் கீழே உள்ள உதவி அமைச்சர், தூதர் பதவிகள் ஒவ்வொன்றுக்கும் வெள்ளை மாளிகை ஒப்புதல், செனட் ஒப்புதல். வடகொரிய நெருக்கடி உச்சத்தில் இருந்தபோதும் தென்கொரியாவில் அமெரிக்கத் தூதர் இல்லை. இவர் போகும்வரை அந்த இடம் நிரம்பவில்லை.

இரண்டாவது, பணம். துறைக்கும் வெளிநாட்டு உதவிக்கும் ஏறக்குறைய 30 சதவீத வெட்டு என்று வெள்ளை மாளிகை சொன்னதும் அதை ஆதரித்துப் பேசினார். கம்பெனியில் எண்ணெய் விலை விழுந்தால் செலவை வெட்டுவது அன்றாடம். ஆனால் அரசில் பட்ஜெட்டை எழுதுவது நாடாளுமன்றம். இரு கட்சியினரும் சேர்ந்து அந்த வெட்டை ஏற்க மறுத்தார்கள். கடைசியில் பணமும் அந்த அளவுக்குக் குறையவில்லை, அதற்காக வாங்கிய கெட்ட பெயரும் போகவில்லை.

மூன்றாவது, நேரம். கம்பெனியில் முதலில் ஆய்வு, பிறகு மறுசீரமைப்பு, பிறகு ஆள் நிரப்புவது என்று இரண்டு மூன்று ஆண்டு எடுத்துச் செய்யலாம். அதே வரிசையை இங்கேயும் போட்டார். வெளி ஆலோசகர்களை அமர்த்தி, 35 ஆயிரத்துக்கும் அதிகமான ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு, துறையையே மறுவடிவமைக்கத் திட்டம். அது முடியும்வரை புதிய ஆள் எடுப்பு நிறுத்தம். தானாக விலகுவோருக்கு 25 ஆயிரம் டாலர். வெளியுறவுப் பணி என்பது ஏணி. கீழ்ப்படியில் ஓராண்டு ஆள் எடுக்காவிட்டால் பதினைந்து ஆண்டு கழித்து நடுப்படியில் அந்தக் காலி இடம் தெரியும். மேற்படியில் இருந்த மூத்த தூதர்கள் ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். அனுபவம் போவதைப் பண இழப்பாகக் கணக்கெழுத முடியாததால் அது மேலாண்மை அறிக்கையில் வராது. அடுத்து வந்த மைக் பாம்பியோ 2018 மே மாதம் முதல் வேலையாக ஆள் எடுப்புத் தடையை நீக்கினார்.

இதோடு பத்திரிகையாளர்களை ஒதுக்கியது சேர்ந்துகொண்டது. 2017 மார்ச்சில் முதல் ஆசியப் பயணத்துக்குத் தன் விமானத்தில் ஒரே ஒரு நிருபரை மட்டும் அழைத்துப் போனார். எண்ணெய் ஒப்பந்தம் வாய் மூடியிருந்தால்தான் கைகூடும். ஆனால் வெளியுறவு அமைச்சர் பேசாவிட்டால் அவருக்காக வேறு யாரோ பேசுவார்கள். 2017 அக்டோபர் 1 அன்று, வடகொரியாவோடு பேச்சுக்கு வழி தேடி இவர் நேரத்தை வீணாக்குகிறார் என்று டிரம்ப்பே டுவிட்டரில் எழுதினார். அதற்குப் பிறகு எந்த நாட்டு அமைச்சர் இவர் சொல்லை நம்பி உட்காருவார்?

டுவிட்டரில் வேலை நீக்கம் செய்தது சட்டப்படி செல்லுமா? நோட்டீஸ் வேண்டாமா? (வேலூர் வாசகர்)

செல்லும். நோட்டீஸ் வேண்டாம், காரணமும் வேண்டாம். ஒரு தபால் நிலைய அதிகாரியை நீக்கிய வழக்கில் 1926-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த மையர்ஸ் தீர்ப்பு, நிர்வாக அதிகாரிகளை நீக்க ஜனாதிபதி யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. நியமிக்க செனட் வேண்டும், நீக்க வேண்டாம்.

ஆப்பிரிக்கப் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு 2018 மார்ச் 13 விடியற்காலை வாஷிங்டனில் இறங்கினார். காலை எட்டே முக்கால் சுமாருக்கு டுவிட்டரில் அறிவிப்பு வந்தது. நண்பகலுக்குப் பிறகுதான் ஜனாதிபதியிடமிருந்து போன். அமைச்சருக்குக் காரணம் தெரியாது என்று வெளிப்படையாக அறிக்கை விட்ட துறை அதிகாரி ஸ்டீவ் கோல்ட்ஸ்டீனையும் அன்றே நீக்கினார்கள். பொறுப்பை அன்றே சல்லிவனிடம் ஒப்படைத்தார். பெயரளவில் பதவி மார்ச் 31 வரை. மொத்தம் பதினான்கு மாதம்.

இந்தியாவுக்கு ஏதாவது செய்தாரா? (காரைக்குடி வாசகர்)

2017 அக்டோபர் 18 அன்று வாஷிங்டனில் இந்தியாவைப் பற்றி மட்டுமே ஒரு நீண்ட உரை, அதில் 'சுதந்திரமான, திறந்த இந்தோ–பசிபிக்' என்ற கொள்கை. அடுத்த வாரம் டெல்லி வந்து சுஷ்மா ஸ்வராஜையும் பிரதமரையும் சந்தித்தார். 2018 மே மாதம் அமெரிக்கப் பசிபிக் படைத் தலைமையகத்தின் பெயரே இந்தோ–பசிபிக் என்று மாறியது. அப்போது அவர் பதவியில் இல்லை.

நம் நாட்டில் மின்சாரம், எரிசக்தித் தொழிலிலிருந்து அரசுப் பதவிக்கு வந்தவர்கள் யாரும் உண்டா? (திருச்சி வாசகர்)

உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். கருவேலியில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி, திருச்சி பெல் கொதிகலன் ஆலையை வளர்த்தவர்களில் முக்கியமானவர். 1972 முதல் 1977 வரை பெல் நிறுவனத் தலைவர். அங்கிருந்து நேராக மத்திய கனரகத் தொழில் துறைச் செயலாளர். பிறகு மாருதி கார் நிறுவனம், செயில் உருக்கு நிறுவனம். அமைச்சர் பதவிக்கு அல்ல, செயலாளர் நாற்காலிக்கு என்பதுதான் நம் வழக்கம்.

தனியார் துறையிலிருந்து வந்தவர் என்றால் ஆர்.வி. ஷாஹி. மும்பைக்கு மின்சாரம் வழங்கிய பி.எஸ்.இ.எஸ். நிறுவனத்தின் தலைவர், 2002-இல் மத்திய மின்துறைச் செயலாளரானார். 2003 ஜூன் 10-இல் அமலுக்கு வந்த மின்சாரச் சட்டம் அவர் காலத்தில் வந்தது. அனல் மின் உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்று ஆக்கியதும், மாநில மின்வாரியங்களைப் பிரிக்க வழி செய்ததும் அந்தச் சட்டம். 2010-இல் நம் மின்வாரியம் டான்ஜெட்கோ, டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது அதன் தொடர்ச்சியே. ஷாஹி தன் தொழிலைப் பற்றிய துறைக்கே வந்தார், டில்லர்சன் வேறு துறைக்குப் போனார். இந்த வேறுபாடு சின்னதல்ல.

பணக்கணக்கில் நம் விதி தளர்வு. மத்திய அமைச்சர்களுக்கான நடத்தை நெறி, தொழிலின் நிர்வாகத்திலிருந்து விலகச் சொல்கிறது. உரிமையை விற்கச் சொல்லவில்லை.

டில்லர்சன் அனுபவத்துக்குப் பிறகும் எண்ணெய்க்காரர்களை எடுக்கிறார்களா? (சென்னை வாசகர்)

எடுக்கிறார்கள். பாறை உடைப்பு முறையில் எண்ணெய் எடுக்க உதவும் லிபர்ட்டி எனர்ஜியின் நிறுவனர் கிறிஸ் ரைட் 2025 பிப்ரவரி 3 அன்று 59–38 ஓட்டில் எரிசக்தி அமைச்சரானார். அந்தத் துறையின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் பட்ஜெட்டில் ஏறக்குறைய பாதி அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் பிரிவுக்குப் போகிறது.

இந்தச் சொத்து விவரப் படிவங்களை நாமே பார்க்க முடியுமா? எப்படிப் படிப்பது? (மதுரை ஆடிட்டரின் இரண்டாவது கேள்வி)

முடியும். அமைச்சர் நிலைப் பதவிகளுக்கான 278இ படிவத்தை அரசு நெறிமுறை அலுவலகத்தின் தளத்தில் நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்பது பகுதிகள். எல்லாரும் ஆறாம் பகுதியான பிற சொத்துகளைத்தான் முதலில் புரட்டுவார்கள். நீங்கள் மூன்றாம் பகுதியில் தொடங்குங்கள். பழைய முதலாளியிடம் இன்னும் வரவேண்டியது, ஓய்வூதியம், ஊக்கப் பங்கு ஏற்பாடு எல்லாம் அதில்தான். பிறகு இரண்டாம் பகுதி, அதாவது வேலை சார்ந்த சொத்தும் வருமானமும். அதன் பிறகு நெறிமுறை ஒப்பந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, படிவத்தில் உள்ள ஒவ்வொரு சிக்கலான சொத்துக்கும் கடிதத்தில் விற்பனை, விலகல், விலக்கு இவற்றில் எது சொல்லியிருக்கிறது என்று டிக் போட்டுப் பாருங்கள். டிக் விழாத வரி இருந்தால் அங்கேதான் கேள்வி.

சொத்து மதிப்பு துல்லியமான எண்ணாக இராது, வரம்பாக இருக்கும். உச்ச வரம்பு '5 கோடி டாலருக்கு மேல்' என்று நின்றுவிடும். அது 6 கோடியா 60 கோடியா என்பது படிவத்திலிருந்து தெரியாது. பங்கு எண்ணிக்கை தெரிந்தால் சந்தை விலையால் பெருக்கி நீங்களே கணக்கிட வேண்டியதுதான். சட்டப்படி இந்தப் படிவங்கள் ஆறு ஆண்டுதான் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும். டில்லர்சனின் படிவத்துக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. புதிதாகப் பழக ரைட்டின் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.